பிடி கொடுக்காத முடி

பையைப் பிரித்ததும் லோர்னா ஸ்கீல்ஸ் முதலில் முகர்ந்து பார்ப்பாள். கண்ணை மூடிக்கொண்டு மூக்கைப் பைக்குள்ளேயே விட்டுவிடுவாள். எதிரில் உட்கார்ந்திருப்பவர் நாயைப் பறிகொடுத்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாலும் அதெல்லாம் அவளுக்கு அப்புறம்தான். "ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டிக்கிட்டே இருந்தீங்களா? நாய் வாசனையே போயிடுச்சே, ஏன் இப்படிப் பண்றீங்க?" என்று கடிந்துகொண்ட பிறகே ஆறுதல் சொல்ல ஆரம்பிப்பாள்.

ஜீவ்ஸ்டன் என்ற அந்தச் சின்ன ஊரில் மரம் அறுக்கிறவர்கள் உண்டு, ஆப்பிள் பறிக்கிறவர்கள் உண்டு. செத்த நாயைத் திரும்பச் செய்து தருகிறவள் லோர்னா ஒருத்திதான். சீப்பிலும் சோபாவிலும் சேர்ந்த முடியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும். ஆட்டுக் கம்பளியை உருட்டி உள்ளுடம்பு பிடிப்பாள். அதன்மேல் நாயின் முடியைப் பரப்பி, பக்கவாட்டில் வெட்டு வெட்டாக முள் வைத்த நீள ஊசியால் குத்துவாள். குத்தக் குத்த இழைகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு இறுகும். பஞ்சுபோலக் கிடந்தது காதாகும், தாடையாகும், படுத்திருக்கும்போது மடித்து வைத்துக்கொள்ளும் முன்காலாகும். கண்ணை மட்டும் கடைசியில், கறுப்புப் பட்டு நூலால் தைப்பாள். அதில் ஓர் ஓரமாக வெள்ளை நூலால் ஒரே ஒரு பொட்டு. அந்தப் பொட்டு விழுந்ததும் நாய் நம்மைப் பார்க்கும். பார்ப்பது போல இருக்கும் என்று எழுதுவதுதான் முறை. அவள் வீட்டுக்குப் போய்வந்த யாரும் அப்படிச் சொல்வதில்லை.

அந்த வீட்டில் ஜன்னலை ஒட்டி ஓர் அலமாரி. செய்யச் சொன்னவர்கள் வந்து வாங்கிப்போகாத உருப்படிகள் அதில் வரிசையாக நிற்கின்றன. துக்கம் ஆறியபின் சிலருக்கு மனம் மாறிவிடும், புது நாய்க்குட்டி வந்துவிடும். லோர்னா கோபித்துக்கொள்வதில்லை. மழைநாளில் மட்டும் அலமாரியின்மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடுவாள். ஈரக்காற்று பட்டால் அத்தனை முடியும் நனைந்த நாய் வாடை வீசத் தொடங்கும். வீட்டில் உயிருள்ள நாய் ஒன்றுகூட இல்லை, ஆனால் ஏழெட்டு நாய்கள் மழையில் ஓடிவிட்டு வந்து கணப்புக்கு முன் படுத்திருப்பதுபோல வீடே மணக்கும். பக்கத்து வீட்டுக் கெல்பி நாய் எதிரில் வரும் மர லாரிக்கே பயப்படாது. அது லோர்னாவின் வேலிக்கதவு வரை வந்து, வாலைக் காலிடுக்கில் சொருகிக்கொண்டு திரும்பிவிடும்.

செவ்வாய்க்கிழமை பூத்தையல் வகுப்பு, வியாழக்கிழமை ஊசிக்கம்பளி வகுப்பு. இரண்டும் சர்ச்சுக்குப் பின்னால் உள்ள கூடத்தில். பூத்தையலில் யார் என்ன தைத்துக் காட்டினாலும் முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டாள். "திருப்பு. பின்பக்கம் காட்டு. முன்னால சிரிக்கிறது எல்லாருக்கும் வரும்" என்பாள். வியாழக்கிழமை வகுப்பின் ஒரே ஆண்பிள்ளை மெர்வ், முன்னாள் மர லாரி ஓட்டுநர். அவன் பென்குயின் செய்ய உட்காருவான், குட்டைக்காலும் குண்டு உடம்புமாக வளை தோண்டும் வோம்பாட் எழுந்திருக்கும். முயல் செய்ய உட்கார்ந்தாலும் வோம்பாட்தான். மடிமேல் வைத்த ஸ்பாஞ்சையும் தாண்டிக் குத்தி, செய்த பொருளைக் கால்சட்டையோடு சேர்த்து இறுக்கிவிட்டு எழுந்து நடந்ததும் உண்டு. "மெர்வ், லாரியை ஓட்டற மாதிரி குத்தாதே. காதால குத்து" என்பாள் லோர்னா. அவள் சொல்வது உண்மைதான். கம்பளி தளர்வாக இருக்கும்வரை ஊசி சத்தமில்லாமல் போய்வரும். இறுகிவிட்டால் புதுப்பனியில் கால் வைத்ததுபோல நறுக் நறுக்கென்று சொல்லும்.

உயிரோடிருக்கும் பிராணியை மட்டும் அவள் செய்யமாட்டாள். கிறிஸ்துமஸ் பரிசுக்கென்று எத்தனையோ பேர் கெஞ்சிப் பார்த்தாகிவிட்டது. "அது மூச்சு விடற வரைக்கும் அதோட முடி அதுக்குத்தான் சொந்தம். என் ஊசிக்குப் பிடி கொடுக்காது" என்று பையைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். கலைஞர்களுக்கு இப்படி ஒரு கிறுக்கு இருந்தால்தான் அழகு என்று ஊர் விட்டுவிட்டது. கறிக்கடை பெட்ரா தன் நாயின் முடியோடு வந்து அழும்வரை அப்படித்தான். லாரியில் அடிபட்டுக் காட்டுக்குள் ஓடிய நாய், செத்தே போயிருக்கும் என்றாள். லோர்னா ஒரு பிற்பகல் முழுக்கக் குத்தினாள். உள்ளே வைத்த ஆட்டுக் கம்பளி கல்லாக இறுகியது. நாயின் முடி வாயால் ஊதியதும் அப்படியே பறந்து தரையில் உட்கார்ந்தது. "உன் நாய் சாகலடி, போய்த் தேடு" என்று அனுப்பிவைத்தாள். அடுத்த வாரம் நாய் நொண்டிக்கொண்டே கடை வாசலுக்கு வந்து சேர்ந்தது.

பிறகு ஒரு பூனை. காணாமல் போய் இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. நான்கு குத்திலேயே முடி கவ்விக்கொண்டது. லோர்னா ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "தண்ணித் தொட்டிக்கு அடியில பாருங்க" என்று மட்டும் சொன்னாள். அங்கேதான் செத்துக் கிடந்தது. அதற்குப் பின் ஊர் அவளை ஒரு விசாரணை அலுவலகமாகவே ஆக்கிவிட்டது. யாராவது நேரடியாகக் கேட்டால் எரிந்து விழுவாள். "எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா பிடி கொடுக்காது, அவ்வளவுதான். முடிக்கு என்னடா தெரியும்?" ஆனால் இதைச் சொல்லும்போது கேட்டவர் முகத்தைப் பார்க்கமாட்டாள். அலமாரியைப் பார்த்துத்தான் சொல்வாள்.

இந்த ஆகஸ்ட் குளிரில் ஒரு வியாழக்கிழமை வகுப்பு முடிந்து எல்லாரும் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பியபிறகும், வகுப்புக்கு வருகிற கோரா மட்டும் எழுந்திருக்கவில்லை. மெர்வ் தொட்டியில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தான். கோராவின் மகன் டோபி சிங்கி இறால் பிடிக்கும் படகில் போனவன். ஜூன் மாதப் புயலில் படகு கவிழ்ந்தது. படகுக்காரரின் உடல் கிடைத்தது, டோபி கிடைக்கவில்லை. தேடுவதையும் நிறுத்திவிட்டார்கள். சர்ச்சில் ஓர் அஞ்சலி ஆராதனை வைத்துவிடலாம் என்றார் அவள் கணவர் ஹெக்டர். "எதை வெச்சு? அவன் பூட்ஸை வெச்சா?" என்று கேட்டவள் அதற்குப் பின் அவரோடு பேசவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு மூன்று தட்டு வைக்கிறாள் என்றும், வாசல் விளக்கு பகலிலும் எரிகிறது என்றும் ஊரில் பேச்சு.

கோரா கைப்பையிலிருந்து ரொட்டி சுற்றி வந்த காகிதத்தில் மடித்த ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். விரல் நீளத்துக்குச் செம்பழுப்பு முடி.

"டோபியோடது. கிளம்பறதுக்கு முந்தின வாரம் சமையக்கட்டுல நான்தான் வெட்டிவிட்டேன். குதிரைவால் மாதிரி வளர்த்து வெச்சிருந்தான் கழுதை."

லோர்னாவுக்குப் புரிந்துவிட்டது. "மனுஷ முடி நிக்காது கோரா. வழுக்கிக்கிட்டே போகும். முதல் நாளே வகுப்புல சொன்னேனே."

"நாய்க்குச் சொன்னே. பூனைக்குச் சொன்னே. என் புள்ளைக்குச் சொல்லமாட்டியா?"

"அதெல்லாம் ஊர்க்காரங்க கட்டிவிட்ட கதைடி."

"கதையாவே இருக்கட்டும். நீ குத்து. பிடிச்சுதுன்னா ஹெக்டர் இஷ்டப்படி ஆராதனை வைக்கட்டும், நான் முன் வரிசையில உக்காந்து பாடறேன். பிடிக்கலன்னா அதுக்கப்புறம் எவனும் என்கிட்ட விளக்கை அணைன்னு சொல்லக்கூடாது."

மெர்வ் குழாயை மூடிவிட்டான். லோர்னா பெட்டியைத் திறந்து ஊசியை எடுத்தாள். அவள் போட்ட கணக்கு எளிமையானது. மனித முடி இதுவரை எந்த ஊசிக்கும் தனியாக இறுகியதில்லை, கம்பளி கலக்காவிட்டால் குப்பையாக உதிரும். இன்றைக்கும் உதிரும். இந்தப் பாவப்பட்டவள் இன்னும் கொஞ்ச நாள் மகன் எங்கேயோ ஒரு தீவில் கரையேறி உட்கார்ந்திருக்கிறான் என்று நம்பிக்கொண்டிருப்பாள். அதில் யாருக்கு என்ன நஷ்டம்? இரக்கத்தில் செய்த தவறுதான். ஆனால் தவறு. அந்த அவசரத்தில் அவள் முடியை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஸ்பாஞ்சை மடியில் வைத்து, முடியை உள்ளங்கையில் சுருட்டி அதன்மேல் வைத்தாள். கம்பளி ஓர் இழைகூடச் சேர்க்கவில்லை. குத்த ஆரம்பித்தாள். நினைத்தபடியே முடி வழுக்கியது, ஊசியோடு மேலே வந்து பக்கத்தில் சரிந்தது. "பாத்தியா" என்று சொல்ல வாயெடுத்தாள்.

நறுக்.

தன் காதில் பிழை என்றே நினைத்தாள். இன்னும் ஒரு குத்து. நறுக். உதிர்ந்து கிடந்த ஓரத்து முடிகள் ஒவ்வொன்றாக உள்ளே போவதைக் கோராவும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசி இழுப்பதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அவை போயின. லோர்னா விரலால் அழுத்திப் பார்த்தாள். பிஞ்சு ஆப்பிள்போலக் கெட்டியாக இருந்தது. ஈரமாகவும் இருந்தது. பிறகு வாடை வந்தது. கரையில் ஒதுங்கிய கடற்பாசி வாடை, உப்பு, டீசல். அந்த முடி வெட்டும்போது பையன் இன்னும் படகில் கால் வைத்திருக்கவில்லை.

தொட்டியருகே நின்ற மெர்வ் ஜன்னல்களைப் பார்த்தான். எல்லாம் சாத்தியிருந்தன.

லோர்னாவுக்கு ஊசியைக் கீழே வைத்துவிடவேண்டும் போலிருந்தது. ஆனால் நிறுத்தினால் கோரா கேட்பாள், பதில் சொல்லவேண்டும். அதற்குப் பயந்து குத்திக்கொண்டே இருந்தாள். பொய் சொல்லலாம், பிடிக்கவில்லை என்று சொல்லிக் கையால் பிய்த்துப்போட்டுவிடலாம். பிய்க்கப் பார்த்தாள். வரவில்லை. நிமிர்ந்து கோராவின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை. அவ்வளவு பயமும் அவ்வளவு துக்கமும் ஒரே நேரத்தில் வந்தால் மனிதர்கள் வேலையைத்தான் பார்ப்பார்கள் போலிருக்கிறது. நறுக், நறுக்கென்று சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

கோரா அழவில்லை. குனிந்து, அந்தச் சின்ன உருண்டைக்கும் ஊசிக்கும் நடுவே தன் கையைக் கொண்டுவந்து வைத்தாள்.

"மெதுவா, லோர்னா" என்றாள். "மெதுவாக் குத்து. அவனுக்கு வலிக்கப் போகுது."

லோர்னா ஊசியைப் பெட்டிக்குள் போட்டு மூடினாள். கம்பளிக்காரர்களிடம் இன்னொரு வழியும் உண்டு. ஊசியே வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீரிலும் சோப்பிலும் உள்ளங்கையால் உருட்டி உருட்டியே இறுக்கி முடிக்கலாம். அவள் எழுந்துபோய் பீங்கான் கிண்ணத்தில் கெட்டிலிலிருந்து வெந்நீரை ஊற்றினாள், குழாயிலிருந்து கொஞ்சம் பச்சைத் தண்ணீர் விளாவினாள். கிண்ணத்தைக் கோராவின் முன்னால் கொண்டுவந்து வைத்து, சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டு, கைக்குழந்தையைக் குளிப்பாட்டுமுன் பார்ப்பதுபோல முழங்கையைத் தண்ணீரில் நனைத்துச் சூடு பார்த்தாள்.