ஐந்தரை மணிக்கு வராத மச்சான்

கப்பலடியில் போட்ட நிபந்தனை

போர்ட் பிளேருக்கு எனக்கு மாற்றல் வந்தபோது, என் மனைவி சரோஜாவை உடன் அனுப்ப அவள் அண்ணன் கதிரேசன் சம்மதிக்கவில்லை. நான் அரசாங்க வயர்லெஸ் ஆபரேட்டர். அவர் மெட்ராஸில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். வீட்டிலிருந்தே வயர்லெஸ்ஸில் பேச இருவருக்கும் அமெச்சூர் லைசென்ஸ் உண்டு. அவருடைய கடைப் பின்கட்டில் உட்கார்ந்து செட்டுகள் கட்டித்தான் நான் அந்த வீட்டு மாப்பிள்ளையே ஆனேன்.

துறைமுகத்தில் வைத்துச் சொன்னார்:

"மாப்ளே, கடல் தாண்டிப் போயிட்டா ஆள் இருக்கிறதும் இல்லாததும் யாருக்குத் தெரியும்? கடுதாசி கப்பல்ல ஆடி அசைஞ்சு வரும். அவளுக்கு ஒண்ணுன்னா நான் எப்படித் தெரிஞ்சுக்கிறது? நீங்க போய் செட்டப் போடுங்க. உங்க சிக்னல் என் காதுல விழுந்த மறுநாளே தங்கச்சிக்கு டிக்கெட் எடுக்கறேன்."

"விழலேன்னா?"

"விழட்டும் மாப்ளே, பாப்போம்."

எண்பது மீட்டர் பேண்ட் என்கிற அலைவரிசை, தினமும் மாலை ஐந்தரையிலிருந்து ஆறு வரை என்று பேசி வைத்தோம். ஆறுக்கு மேல் அவர் கடையில் கூட்டம் வந்துவிடும். எனக்கோ ஆறு மணிக்கு டியூட்டி. எண்பது மீட்டர் இருட்டினால்தான் தூரத்துக்குப் போகும் என்பது இருவருக்கும் தெரியும். மார்கழி மாதம், சீக்கிரம் இருட்டிவிடும் என்று நினைத்துக்கொண்டோம். வேறு பேண்டுக்கு மாற வழியில்லை. அலைவரிசையை நிர்ணயிக்கும் கிரிஸ்டல் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதுவும் அவர் கொடுத்தது.

ஜப்பான் கேட்கிறது, மெட்ராஸ் கேட்கவில்லை

போர்ட் பிளேரை ஒட்டிய கராச்சர்மாவில் குவார்ட்டர்ஸ். வாசலில் இருந்த இரண்டு தென்னைகளுக்கு நடுவே ஆன்டனா கட்டினேன். முதல் நாள் ஐந்தரைக்கு மோர்ஸ் கீயைத் தட்டியதும் பாங்காக்கிலிருந்து ஒருவர் பதில் கொடுத்தார். சிக்னல் பிரமாதம் என்றார். அடுத்து சிங்கப்பூர். மறுநாள் ஜப்பான். இத்தனைக்கும் என் செட்டின் பவர் ஒரு மேஜை விளக்கு எரியப் போதுமான அளவுதான்.

மச்சான் மட்டும் இல்லை.

ஒரு வாரம் பொறுத்தேன். செட்டைப் பிரித்துப் பார்த்தேன், பழுது எதுவும் இல்லை. ஆன்டனாவைத் திசை மாற்றிக் கட்டினேன். ஜப்பான் இன்னும் நன்றாகக் கேட்டது. என்னோடு டியூட்டி பார்த்த பிஸ்வாஸ் என்ற வங்காளி விழுந்து விழுந்து சிரித்தான். "அரே யார், ஜாபான் சுன்தா ஹை, மத்ராஸ் நஹீ சுன்தா?" ஜப்பான் கேட்கிறது, மெட்ராஸ் கேட்கவில்லையா என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

செட் சரி, பேண்ட் சரி, கடிகாரமும் சரி. ஆபீஸ் சிக்னலோடு வைத்து நேரத்தைத் திருத்திக்கொள்கிறவன் நான். அப்படியானால் தப்பு ஆளிடம்தான் இருக்க வேண்டும். தங்கையை அனுப்ப மனமில்லாமல், செட்டை ஆஃப் செய்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன். அன்று அவரை வாய்விட்டே திட்டினேன், கேட்க ஆளில்லாத அறையில்.

அப்போது வந்த சரோஜாவின் கடிதம் மேலும் குழப்பியது. "அண்ணன் தினமும் காதில் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருக்கிறார். நீங்கள்தான் வருவதில்லை என்று கோபப்படுகிறார். என்னைக் கூப்பிட்டுக்கொள்ள உங்களுக்கு இஷ்டமில்லையா?" என்று எழுதியிருந்தாள். படித்துவிட்டு அன்று சமைக்கவில்லை. பசியே இல்லை.

பாய் கடைக் கஞ்சி

அடுத்த நாள் வெறுத்துப்போய் செட்டைத் தொடவில்லை. ஸ்டவ்வுக்குத் திரி வாங்க அபர்தீன் பஜாருக்குப் போனேன். கீழக்கரைக்காரர் ஒருவரின் கடை. நோன்பு மாதம். நான் நுழையும்போது பாய் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு கோப்பையில் கஞ்சியை ஊற்றி நீட்டினார்.

கடிகாரத்தைப் பார்த்தேன். "மணி அஞ்சேகால்கூட ஆகலையே பாய், அதுக்குள்ள நோன்பு தொறந்துட்டீங்களா?"

"பொழுது அடைஞ்சிருச்சுல்ல தம்பி. கடிகாரத்தப் பாத்தா தொறக்க முடியும்? மெட்ராஸ்ல எங்கூடப் பொறந்த காக்கா இன்னும் பசியோட குந்தியிருப்பாரு. அங்க இப்ப நல்ல வெயிலு."

"அங்கயும் இதே மணிதானே பாய்?"

"மணி ஒண்ணுதான் தம்பி. சூரியன் நம்மள முடிச்சிட்டுல்ல அங்க போகுது?"

கஞ்சிக் கோப்பை கையிலேயே நின்றுவிட்டது. ஐந்தரைக்கு எனக்கு இருட்டு. பாங்காக், சிங்கப்பூர், ஜப்பான் எல்லாம் எனக்குக் கிழக்கே, அங்கேயும் இருட்டு. மச்சான் தலைக்கு மேல் மட்டும் வெயில். அந்த வெயில் என் சிக்னலை வழியிலேயே தின்றுகொண்டிருந்தது. கிழக்கே ஓடி வந்தவனுக்குக் கடிகாரம் மட்டும் பழைய ஊரிலேயே நின்றது உறைக்கவில்லை. ஆபீஸில் எந்த நேரத்துக்கு எந்த ஃப்ரீக்வென்சி என்று மேலே இருந்து எழுதி ஒட்டிவிடுவார்கள். பார்த்துப் போடுவதோடு சரி. யோசிக்கும் வேலையை எங்களுக்கு யாரும் கொடுத்ததில்லை.

"ஏழு மணிக்கு வாருங்கள்" என்று மச்சானுக்குத் தந்தி அடித்தேன். பிஸ்வாஸிடம் டியூட்டி மாற்றிக் கேட்டபோது, "ஜா, பீவி கோ புலா லே" என்று முதுகில் தட்டினான். போய்ப் பெண்டாட்டியைக் கூப்பிட்டுக்கொள் என்கிறான்.

மறுநாள் ஏழு மணிக்கு மச்சான் வந்தார். கரகரப்புக்கு அடியில் மெலிசாக, புள்ளியைச் சட்டென்றும் கோட்டைக் கொஞ்சம் இழுத்தும் அடிக்கும் அவருடைய அதே கை. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்: "எங்கே போனீங்க?"

கீயை முன்னால் இழுத்துக்கொண்டேன். "எங்கேயும் போகலை. தினமும் இங்கேதான் இருந்தேன்" என்று அடித்தேன்.

அதற்கப்புறம் வெறும் இரைச்சல். போயே போய்விட்டார் என்று நினைத்தேன். நெடுநேரம் கழித்து ஒரே வரி வந்தது: "அடுத்த கப்பல் என்னைக்கு?"

அதற்கு அடுத்த நாள் அதே ஏழு மணி, அதே செட், அதே இருட்டு. ஒரு சத்தமும் இல்லை. ஏன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. எண்பது மீட்டர் அப்படித்தான். இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: எதிர்முனை பேசாவிட்டால் ஆளைச் சந்தேகிக்குமுன், அவர் தலைக்கு மேல் வெயிலா இருட்டா என்று பாருங்கள்.

சரோஜா வந்து இறங்கிய அன்று சாயங்காலம் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தாள். உள்ளே வந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மணி அஞ்சரைதானேங்க ஆகுது? ஏன் இப்படி இருட்டிக் கெடக்கு? கடிகாரம் நின்னு போச்சா?"

"கடிகாரம் சரியாத்தான் ஓடுது" என்றேன். "நாங்க ரெண்டு பேருந்தான் நின்னுட்டோம், நானும் உங்க அண்ணனும்."