இரண்டு பெயரில் ஒரே மாத்திரை

சாயர்புரத்தில் பிறந்து, பார்மசி படித்து, கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்தவள் விஜிலா. திரேஸ்புரத்தில் லிங்கராஜ் அண்ணாச்சியின் மெடிக்கலில் பதினொரு வருஷமாக வேலை பார்க்கிறாள். டாக்டர்களின் கிறுக்கல் எழுத்தை அவளைப் போல வாசிக்க அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. சீட்டை நீட்டினால் அடுத்த நிமிஷம் மாத்திரை கைக்கு வந்துவிடும். அந்த வேகத்தில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது, அம்புரோஸ் சாகும்வரை.

அவர் தோணித் தண்டல்; ஆட்களை வைத்துத் தோணியை நடத்துபவர். மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போய்வந்தவர். கரையில் ஒதுங்கிய பிறகு சுகர் வந்தது. உள்ளூர் டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார். மகள் டயானா திருநெல்வேலிக்குக் கூட்டிப் போய் வேறொரு டாக்டரிடம் காட்டினாள். அவரும் ஒன்று எழுதினார். பழைய சீட்டை அம்புரோஸ் அங்கே காட்டவில்லை. பத்து நாள் இடைவெளியில் இரண்டையும் விஜிலாவிடம்தான் வாங்கினார். அவள் சிரித்த முகத்தோடு எடுத்துக் கொடுத்தாள்.

அம்புரோஸ் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போன அன்று, தண்ணீர் குடிக்கக் குசினிக்குள் நுழைந்தாள். அலமாரியில் இரண்டு மாத்திரை அட்டைகள். ஒன்று பச்சை, ஒன்று ஊதா. கம்பெனி வேறு, பெயர் வேறு. உள்ளே ஒரே மருந்து. இரண்டிலும் பாதிப் பாதி காலியாகியிருந்தது.

வாசலில் ஒரு பெண் சொல்லிக்கொண்டிருந்தாள்: "ரெண்டு நாளா காய்ச்சல், கஞ்சிகூட எறங்கல. காலைல எழுப்பப் போனா ஒடம்பெல்லாம் வேர்வைல தொப்பலா நனைஞ்சி கெடந்தாராம். ஹார்ட்டுன்னு சொல்லிட்டாவ."

வெறும் வயிற்றில் இரட்டை மாத்திரை. சுகர் அடியோடு இறங்கியிருக்கும். விஜிலா அட்டைகளை இருந்த இடத்திலேயே வைத்தாள். ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அதன்பிறகு கடையில் கூட்டம் சேர்ந்தால் போதும், கடைசியில் அம்புரோஸ் நிற்பார். வெள்ளைச் சட்டை, நான்காக மடித்த சீட்டு. நிமிர்ந்து பார்த்தால் வேறு யாரோ. பச்சை அட்டையை எடுக்கும்போதெல்லாம் விரல் மரத்துப் போகும். வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுதியளா என்று ஒரு வார்த்தை. அதைக் கேட்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

எட்டு மாதம் இப்படிப் போனது. ஒருநாள் லிங்கராஜிடம் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, புதன்கிழமை மத்தியானம் எனக்கு ஒரு மேசை வேணும். வீட்டுல இருக்க மாத்திரை எல்லாத்தையும் ஆளுக கொண்டு வரட்டும். எது எதுக்கு, எது எதோட சேராதுன்னு பாத்து எழுதிக் குடுக்கேன். சந்தேகமிருந்தா டாக்டருக்கு நானே போன் போடுதேன்."

"மருந்து விக்கத்தானளா கட வச்சிருக்கோம்? வாங்காதியன்னு சொல்லவா?"

"ரெண்டு தடவ வாங்க வேண்டாமுன்னு சொல்லுவேன்."

லிங்கராஜ் மேசையை இழுத்துப் போட்டார்.

முதல் இரண்டு வாரம் யாரும் வரவில்லை. மூன்றாவது வாரம் இட்லிக்கடை செல்வலட்சுமி பை நிறையக் கொண்டு வந்தாள். ஒரே வலி மாத்திரை மூன்று பெயரில் இருந்தது. "நீங்களா எதையும் நிறுத்தாதிய. இந்தத் தாளை டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று விஜிலா எழுதிக் கொடுத்தாள். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள்.

ஒரு புதன்கிழமை, அம்புரோஸின் மனைவி ஆக்னஸ் வந்து உட்கார்ந்தாள்.

"ஏளா, எனக்கும் சுகராம். அவருக்கு வாங்குனதுல மிச்சம் அப்படியே இருக்கு. இந்த ரெண்டையும் நாளைலருந்து நான் சாப்பிடலாமுல்லா?"

பச்சையும் ஊதாவும் மேசைமேல் விழுந்தன.

விஜிலா இரண்டையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "கூடாதுக்கா. ரெண்டும் ஒரே மருந்து."

"அவரு ரெண்டையும்தான சாப்பிட்டாரு?"

விஜிலா அட்டைகளைத் திருப்பி, இரண்டிலும் இருந்த ஒரே மருந்துப் பெயரைக் காட்டினாள். ஆக்னஸின் முகம் மெல்ல மாறியது.

"ரெண்டையும் நான்தான்க்கா எடுத்துக் குடுத்தேன். கேட்டிருக்கணும். கேக்கல."

"கடைசி நாளு சாயங்காலம் வேண்டாம் வேண்டாமுன்னாரு. சோறு எறங்காட்டாலும் மருந்த விடக்கூடாதுன்னு நான்தான் வாயில போட்டேன்." ஆக்னஸின் குரல் உடையவில்லை. "ஒனக்கு இது எப்பம் தெரியும்?"

"துக்க வீட்டுல. அன்னைக்கே."

"அன்னைக்கே" என்று ஆக்னஸ் திருப்பிச் சொன்னாள். எழுந்து போய்விட்டாள்.

கடைமுன்னால் டயானா வந்து கத்துவாள், போலீஸ் வரும் என்றெல்லாம் விஜிலா எதிர்பார்த்தாள். லிங்கராஜிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "நீ அந்த மாத்திரைய எடுத்துக் குடுக்கும்போது நானும் பக்கத்துலதான நின்னேன்" என்றார் அவர். யாரும் வரவில்லை. அடுத்த புதன்கிழமை, ஆக்னஸின் தெருவிலிருந்து நான்கு பெண்கள் பைகளோடு வந்தார்கள்.

"ஆக்னஸ் அக்கா போகச் சொன்னா. ஒரு அட்டைய விடாம அள்ளிட்டுப் போன்னா."

ஆக்னஸ் மட்டும் அந்த மேசைக்குத் திரும்ப வரவேயில்லை. வேறு கடையில் வாங்குகிறாள் என்று கேள்வி. ஒருநாள் மீன் வாங்கப் போன இடத்தில் இருவரும் எதிரெதிரே பார்த்துக்கொண்டார்கள். விலக வழியில்லை.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடுதியளாக்கா?"

ஆக்னஸ் கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள்.

"கஞ்சி குடிச்சிட்டுத்தான் போடுதேன்" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் நடந்தாள்.