கெட்ட தேயிலையைத் துப்பாதவர்

டீமேக்கர் சிவலிங்கம் ஐயா போய்விட்டார் என்ற செய்தியை, எங்களோடு வேலை செய்த மாணிக்கம்தான் எனக்குச் சொன்னார். ராகலை டவுனில் ஒரு கடையிலிருந்து டெலிபோன் கோல் எடுத்திருந்தார். பின்னால் நுவரெலியா பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடும் சத்தம். "கிளாக்கரம்மா, நம்ம ஐயா காலையில தவறிட்டாருங்க. வெள்ளனயே எந்திரிச்சு தேத்தண்ணி குடிச்சிருக்காரு. குடிச்சுக்கிட்டு இருக்கையிலயே..."

அவரோடு வேலை செய்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். கொழுந்து வந்து இறங்குவதிலிருந்து தூளாகி மூட்டையில் போவது வரை எல்லாம் டீமேக்கர் பொறுப்பு. நான் ராகலையில் அதே ஸ்டோர் ஆபீசில் கிளாக்கர். எங்கள் இருவருக்கும் வாய்ச்சண்டை இல்லாமல் பொழுது போனதில்லை. நான் காலையில் வெங்காயச் சம்பல் சாப்பிட்டுவிட்டு வந்தால், தேயிலை ருசி பார்க்கும் மேசைப் பக்கம் அண்டவே விடமாட்டார். அவர் மூக்கு கெட்டுவிடுமாம். "வெங்காயம் திங்கிறவுங்க அந்தாண்ட போய் கணக்கு எழுதுங்கம்மா" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முந்தின நாள் தூளைக் காலையில் கோப்பைகளில் ஊற்றி வரிசையாக வைத்து ருசி பார்ப்பது எல்லா ஸ்டோரிலும் உள்ள வழக்கம். கரண்டியால் உறிஞ்சி, நாக்கில் உருட்டி, துப்பிவிட வேண்டும். தோட்டத்தை நிர்வகிக்கும் தொரையும் துப்புவார், கொழும்பிலிருந்து வருகிறவர்களும் துப்புவார்கள். சிவலிங்கம் ஐயாவும் நல்ல தேயிலையைத் துப்புவார். கெட்டதை மட்டும் கோப்பையோடு எடுத்துக் குடித்துவிடுவார். இதென்ன பைத்தியக்காரத்தனம் என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன். "கெட்டதத் துப்பிட்டா, யாரு போட்டதுன்னு அன்னைக்கே மறந்துருமுங்க" என்றார்.

ஒரு முறை மகளின் பாடசாலை விளையாட்டுப் போட்டியைப் பார்த்துவிட்டுத் தாமதமாக வந்தார். அரைத்துப் பரப்பியிருந்த கொழுந்து அதற்குள் அளவுக்கு மேல் புளித்து, அன்றைய தூள் முழுக்கப் பாழ். யாரும் கேட்பதற்கு முன்னால் தொரை பங்களாவுக்கு நடந்துபோய், தான் இல்லாததால் கெட்டது என்று சொல்லிவிட்டு வந்தார். அந்தத் தூளில் கொஞ்சம் வீட்டுக்கும் வாங்கிப்போய், தீரும்வரை தினமும் குடித்தார். "மனுசன் குடிக்கிற தேத்தண்ணியா இது? மாட்டுக்கு வச்சா மாடே மொறைக்கும்!" என்று அவர் மனைவி ராஜம்மா ஏசியது தொழிலாளர் குடியிருக்கும் லயம் வரைக்கும் கேட்டது. மனிதர் சிரித்துக்கொண்டே குடித்தாராம்.

தோட்டங்களைக் கம்பனிகள் பொறுப்பெடுத்த பிறகு, தொண்ணூறுகளின் பிற்பகுதியில், எங்கள் கம்பனியின் டைரக்டர் ஒருவர் கொழும்பிலிருந்து வந்தார். அடுப்புச் சூட்டில் கொழுந்து வாட்டும் மாடியில் நின்று ஒரு சுற்றுப் பார்த்தார். விறகும் கரண்டும் வீணாகின்றன, வாட்டும் நேரத்தைப் பாதியாகக் குறையுங்கள் என்றார். வாயால் சொன்னதோடு சரி, எழுத்தில் ஒன்றும் தரவில்லை. சரியாக வாடாத கொழுந்தை அரைத்தால் பச்சை வாடை வரும் என்று ஐயா சொல்லிப் பார்த்தார். அதற்குள் டைரக்டர் வாகனத்தில் ஏறிவிட்டார். "பெரியவங்க சொல்லிட்டாங்க, செஞ்சுருவோம்" என்றார் தொரை. ஐயாவும் செய்தார். விறகைக் குறைத்துப் போடும்படி அடுப்புக்காரர் மாணிக்கத்திடம் சொன்னதும் அவர்தான். அதை அவர் எவரிடமும் மறைத்ததில்லை.

கொழும்பு ஏலத்தில் எங்கள் தேயிலை விலைபோகவில்லை. மூட்டைகள் திரும்பி வந்தன. பின்னாலேயே விசாரணைக்கென்று டைரக்டரும் வந்தார். விசாரணைக்கு முன்பே தீர்ப்பு வந்து சேர்ந்திருந்தது. அடுப்புக்காரன் நெருப்பை ஒழுங்காகப் பார்க்கவில்லை, அவனை நிறுத்த வேண்டுமாம். வேலை போனால் லயத்து வீடும் போகும். மாணிக்கத்துக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். "சொன்னதத்தானே செஞ்சேன், புள்ளைகளக் கூட்டிக்கிட்டு எங்கங்க போவேன்?" என்று ஸ்டோர் வாசலில் நின்று அழுதார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

ருசி பார்க்கும் மேசையில் டைரக்டர் ஒரு கரண்டி உறிஞ்சினார், முகத்தைச் சுளித்தார், துப்பினார். இதற்கு யார் பொறுப்பு என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஐயாவுக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும். ஆனால் ஓரத்தில் நின்ற மாணிக்கத்துக்கும் விளங்கட்டும் என்று தமிழிலேயே பதில் சொன்னார். "கொறைக்கச் சொன்னது நீங்க. சரின்னு தலையாட்டுனது தொரை. கொறைச்சது நான். மாணிக்கம் நாங்க சொன்ன அளவுக்கு வெறகு போட்டான், அம்புட்டுத்தான்." தொரை அதில் பாதியை விழுங்கிவிட்டு மொழிபெயர்த்தார். விழுங்கிய பாதியை நான் சொன்னேன். என் வேலையும் போனால் போகட்டும் என்றிருந்தது, அவ்வளவு ஆத்திரம்.

பிறகு ஐயா அந்தக் கெட்ட தேநீரில் மூன்று கோப்பைகளை முன்னால் நகர்த்தினார். "இது எம் பங்குங்க" என்று ஒன்றை எடுத்துக் குடித்தார். "இது தொரை பங்கு. இது ஒங்க பங்குங்க, சார்." தொரை தன் கோப்பையை எடுத்துக் குடித்தார். அன்றைக்கு அந்த மனிதர் மேல் எனக்கு முதல்முறையாக மரியாதை வந்தது. டைரக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். அப்படி எதுவும் சொன்னதாகத் தனக்கு நினைவில்லை என்றார், போய்விட்டார். அவருடைய கோப்பை மேசையிலேயே ஆறிப் போய் ஆடை கட்டியது.

டீமேக்கர் தன் வாயால் ஒப்புக்கொண்டு, தொரையும் தன் பங்கைக் குடித்த பிறகு, மாணிக்கத்தின் மேல் கைவைக்க முடியவில்லை. ஆனால் ஐயாவைப் பதவி இறக்கிப் பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு மாற்றினார்கள். வாட்டும் நேரம் சத்தமில்லாமல் பழையபடி கூடியது. டைரக்டர் பதவியில் இன்னும் மேலே போனார். பத்திரிகையில் மாலையோடு படம் வந்தது. ஐயா சாமான் ஏற்றிய அன்று எனக்குத் தாங்கவில்லை. "ஊர்ல யாருக்கும் இல்லாத வீம்பு ஒங்களுக்கு மட்டும் ஏங்க?" என்று கத்தினேன். "வீம்பு இல்லீங்கம்மா. கெடுத்த கை என்னோடதும்தானே" என்றார். ஓய்வுபெற்ற பிறகுதான் ராகலைக்குத் திரும்பி வந்தார்.

சாவு வீட்டில் தேநீர் கொடுத்தார்கள். ஒரே புகை வாடை. சாவு வீட்டில் அதைப் போய் யார் சொல்வார்கள்? தட்டோடு வந்துகொண்டிருந்த மாணிக்கம் என் முன்னால் நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. நான் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. "பொக அடிக்குதுங்களா? ஈர வெறக வச்சது நான்தாங்க" என்றார். தட்டிலிருந்து ஒரு கோப்பையை எடுத்து, நின்றபடியே முழுக்கக் குடித்தார்.

ஐயாவிடமிருந்து எனக்கு மிஞ்சியதும் அதுதான். வெங்காயச் சம்பலை நான் இன்னும் விடவில்லை. ஆனால் என் கையால் ஒன்று கெட்டால், அடுத்தவர் கேட்பதற்கு முன் என் பெயரைச் சொல்லிவிடுகிறேன். அன்று அந்தப் புகைத் தேநீரை நானும் மிச்சம் வைக்கவில்லை. சுற்றிலும் பார்த்தேன். வந்திருந்த ஸ்டோர் ஆட்கள் எவர் கையிலும் மிச்சக் கோப்பை இல்லை.