ஏழு சின்னச் சங்கு, ஒரு பெரிய சங்கு

பேய், ஆவின்னு யார் பேச்செடுத்தாலும் நான் எந்திரிச்சுப் போயிருவேனுங்க. இப்பவும் அப்படித்தான். இது ஒண்ணுல இருந்து மட்டும் எந்திரிச்சுப் போக முடியல, ஏன்னா நடந்தது எனக்கு. முழுசாக் கேட்டுட்டு அப்புறம் சிரிங்க.

தேயிலை விலை விழுந்து ஓவேலிப் பக்கம் ஃபேக்டரி ஒவ்வொண்ணாப் பூட்டின காலம். நானும் என் சகலையும், அதான் என் சம்சாரத்தோட அக்கா புருஷன், ஒரே ஃபேக்டரி. வேலை போச்சு. பெரிய பயணிகள் கப்பல்ல ரூம் சுத்தம் பண்ண ஆள் எடுக்கறாங்கன்னு கோயமுத்தூருக்கு ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸுல போனோம். அவருக்குக் கிடைச்சுது, எனக்கு இல்ல. பூட்டின ஃபேக்டரிக்கே நான் வாட்ச்மேன் ஆனேன்.

மொத லீவுல வந்தாரு பாருங்க, ஜீன்ஸும் சென்ட்டுமா! எஸ்டேட்டு வரிசை ஊடுக, அதான் லயம், அந்தச் சனமே அவர் ஊட்டு வாசல்லதான். கப்பல்ல ஆபத்து வந்தா சனத்தை ஏத்திக் காப்பாத்துற படகு, லைஃப் போட்டுன்னு பேரு, அதுல ஒண்ணு அவர் பொறுப்பாம். காலைல வேலைக்குப் பேர் கூப்பிடுற பெரட்டுக் களத்துல எல்லாரையும் நிக்க வெச்சு, தண்ணில மெதக்குற சட்டை மாதிரி தலகாணியை நெஞ்சுல கட்டிக்கிட்டு நடிச்சுக் காட்டுறாரு. "ஏழு சின்னச் சங்கு, ஒரு பெரிய சங்கு. கேட்டதும் சாமான் எடுக்காதீங்க, செருப்புத் தேடாதீங்க, புள்ளைகளைத் தூக்கிக்கிட்டு நேரா இங்க வந்து நில்லுங்க."

நான் கேட்டா ஒரு சொம்புத் தண்ணி கொண்டாராத என் சம்சாரம் செல்வி, ஓடிப் போய் மொத ஆளா வரிசையில நின்னா. "கடலே இல்லாத ஊர்ல எதுக்கு சகலை இதெல்லாம்?"னு கேட்டேன். எல்லாரும் என்னைத்தான் மொறைச்சாங்க. வயிறு எரிஞ்சுதுங்க, பொய் சொல்லல.

அவர் திரும்பிப் போய் ரெண்டு மாசம் இருக்கும். ஐப்பசி மழை, நாலு நாளா விடல. மத்தியானம் மூணு மணிக்கு ஃபேக்டரிக்குள்ள நான் மட்டும். அவர் அந்தப் படகு பக்கத்துல நிக்கிற போட்டோவைச் செல்வி அன்னைக்குக் காலைலதான் எங்க ஊட்டுச் செவுத்துல ஒட்டியிருந்தா. 'ஒரே ஒரு நாள் அந்த எடத்துல நான் நிக்கணும்'னு அதே நெனப்பா உக்காந்திருந்தேன். அப்போ தலைக்கு மேல ஃபேக்டரி சங்கு ஊதுச்சு. கரன்ட்டை வெட்டி ஆறு மாசம் ஆச்சு, ஃபியூஸ் கட்டை என் மேசை டிராயர்ல கெடக்கு, ஆனா ஊதுது. எண்ணுனேன். ஏழு சின்னது, ஒரு பெருசு.

லயத்துக்கு ஓடினேன். பாதி வழியில கால் அடியில பூமி உறுமுச்சு. மேட்டு மண்ணு அப்படியே சரிஞ்சு கீழ் லயத்தை மூடிருச்சுங்க. செத்துட்டாங்கன்னே நெனச்சுக் கத்துனேன். களத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தா, மழையில அத்தனை பேரும் வரிசையா நிக்கிறாங்க, கையில ஒரு சாமான் இல்ல, கால்ல செருப்பில்ல.

செல்வி என்னைக் கட்டிக்கிட்டு அழுதா. "அக்கா ஊட்டு மாமா வந்து கதவு கதவாத் தட்டினாருங்க. அவர் குரல்தான், எல்லாருமே கேட்டோம்."

உசுரோட நிக்கிறாளேன்னு சந்தோசப்படணும்ல? அந்த நேரத்துலயும் எனக்குச் சுருக்குன்னுச்சு. அங்கயும் அவரா?

எட்டு நாள் கழிச்சு அவரே போன் பண்ணாரு. விசயத்தைச் சொன்னேன். எந்த நாள், எத்தனை மணின்னு ரெண்டு தடவை கேட்டுக்கிட்டாரு. "அன்னைக்கு அதே நேரம் எங்களுக்கு ட்ரில் சகலை, அந்தச் சங்கு ஒத்திகைதான். நான் எங்கயும் நகரல, போட்டு கிட்ட நின்னு பேர் வாசிச்சேன். முடிச்சதும் பின்னாடி இருந்து ஒருத்தர், 'சகலை, நானும் இருக்கேன்'னாரு. தமிழ்ல. உங்க குரல்."

"அப்புறம்?"னேன்.

"அதுக்கப்புறம் நடந்த ரெண்டு ட்ரில்லுலயும் எண்ணிப் பார்த்தா என் போட்டுல ஒரு ஆள் கூட வருது. இறங்கச் சொல்லிப் பார்த்துட்டேன் சகலை, இறங்க மாட்டேங்குறீங்க."