ஒன்பது மணிக்கு ஒரு சிவப்புக் கோடு

இருபத்தாறு வருஷமாக அந்த மேல்நிலைப் பள்ளியில் கிளார்க்காக இருக்கும் அந்தம்மாவுக்குப் பள்ளிப் பிள்ளைகள் வைத்த பெயர் 'சிவப்புக்கோடு'. சும்மா வைக்கவில்லை. காலை ஒன்பதடித்ததும், பிள்ளைகள் கையெழுத்துப் போடும் வருகைப் பதிவேட்டில் ஸ்கேலை வைத்து ஒரு சிவப்புக் கோடு இழுப்பார். அதற்குப் பிறகு வந்தால் தலைமையாசிரியர் பெற்ற பிள்ளையானாலும் ஆப்சென்ட்தான். "எமனே வந்தாலும் லேட்னு திருப்பி அனுப்பிடுவா" என்று அவர் கணவரே கிண்டலடிப்பார். அம்மாவுக்கு அதில் உள்ளூரப் பெருமை.

இந்தத் தடவை பருவமே நாசமாய்ப் போயிற்று. அடைமழையில் பள்ளிக் கூரை உட்கார்ந்துவிட்டது. ஐந்து வாரம் பூட்டு. அப்புறம் ஒரு பழைய தானியக் கிடங்கில் வகுப்பு. சாக்கு நாற்றம், தூணுக்குத் தூண் சாய்த்து வைத்த கரும்பலகை, நாலு வகுப்பின் சத்தமும் ஒரே காதில். ஆபீஸ் சாமான்களில் தப்பியது ஒரு பீரோவும் சுவர்க் கடிகாரமும்தான். கடிகாரத்தை அம்மாவே துடைத்து ஆணியில் மாட்டினார்.

மிச்சமிருந்த நாட்களே கொஞ்சம் என்பதால், ஏழெட்டு நாள் ஆப்சென்ட் விழுந்தாலே பரீட்சை எழுத முடியாது. இறுதி வகுப்பில் ஒரு பெண், பாலம் உடைந்துபோனதால் ஊரைச் சுற்றிவரும் பஸ்ஸில் வருவாள். மூச்சு வாங்க வந்து நின்று மணிக்கட்டை நீட்டுவாள்.

"இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு மேடம்."

"உன் வாட்ச்சுக்குத் தக்கபடி நான் ஸ்கூல் நடத்த முடியாதும்மா. ஆப்சென்ட். உள்ள போ."

இப்படி ஒன்பது நாள். வருகை போதாதவர்கள் பட்டியலில் ஒரே ஒரு பெயர், அவளுடையது. பட்டியல் கல்வி அலுவலகத்துக்குப் போன அன்று அவள் அழக்கூட இல்லை. "நர்ஸிங் சேரலாம்னு இருந்தேன் மேடம். இந்த வருஷம் எழுதலைன்னா அப்பா நூல் மில்லுல சேத்துடுவாரு," என்றாள். அம்மா பீரோச் சாவியைத் தேடுவதுபோல் பாவனை செய்தார்.

வகுப்பு முடிந்த கடைசி நாள் பியூன் கடிகாரத்தைக் கழற்ற ஏறினார்.

"ஏம்மா, இதைப் பாத்தா கோடு போட்டீங்க? வாத்தியாருங்க லேட்டா வரக்கூடாதுன்னு பழைய ஹெட்மாஸ்டர் பத்து நிமிஷம் ஃபாஸ்டா வச்சதாச்சே!"

அம்மாவுக்கு அது தெரியாத விஷயமா? பள்ளி முழுக்கப் பத்தைக் கழித்துத்தான் மணி பார்க்கும். ஆனால் பழைய கட்டடத்தில் பியூன் தன் கைக்கடிகாரம் பார்த்து மணியடிப்பார். அந்தச் சத்தத்துக்குத்தான் அம்மாவின் கை கோடு போட்டுப் பழகியது. கிடங்கில் மணி இல்லை; முள்ளைப் பார்த்துக் கோடு போட்டவர் பத்தைக் கழிக்க மறந்துவிட்டார். ஐயோ, பாவி! அந்தப் பெண் ஒரு நாள்கூட லேட்டாக வரவில்லை.

"தப்பை எழுதிக் குடுத்தா உங்க சர்வீஸ்ல கரும்புள்ளிம்மா. ரிடையர்மென்டுக்கு எட்டு மாசம்தான். பேசாம விட்டுடுங்க," என்றார் தலைமையாசிரியர்.

"அந்தப் புள்ளை சர்வீஸே ஆரம்பிக்கலையே சார்," என்று சொல்லிவிட்டு எழுதினார். மூன்று நாள் கல்வி அலுவலக பெஞ்சில் தவம் கிடந்தார். 'நாளைக்கு வாங்க', 'ஐயா மீட்டிங்', மறுபடியும் 'நாளைக்கு'. சோறு இறங்கவில்லை. கணவர்கூடக் கிண்டலை நிறுத்திவிட்டார்.

அனுமதி வந்தது பரீட்சையன்றே, எட்டரை மணிக்கு. பெண்ணின் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டால், "அவ மில்லுக்குக் கிளம்பிட்டாளே!" என்றார்கள். "ஓடிப் போய்க் கூட்டிட்டு வாங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!" என்று அம்மா கத்தினார்.

பரீட்சை மையத்தின் கேட்டைப் பத்து மணிக்குப் பூட்ட வேண்டும். வெளியிலிருந்து வந்திருந்த பரீட்சை மேற்பார்வையாளர் கறார்ப் பேர்வழி. கிட்டத்தட்ட அம்மாவைப் போலவே.

"நேரமாச்சு. பூட்டுப்பா."

"இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு சார்!" சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று அம்மாவுக்கு உறைத்தது.

"என் வாட்ச்ல ஆயிடுச்சும்மா."

பியூன் சங்கிலியை எடுத்தார். அம்மா என்ன ஏது என்று யோசிக்கவில்லை. கேட்டின் இரண்டு கதவுக்கும் நடுவே புழுதியில் தொப்பென்று உட்கார்ந்துகொண்டார். "பூட்டுறதுன்னா என்னையும் சேத்துப் பூட்டுங்க." மேற்பார்வையாளர் கத்தினார், புகார் எழுதுவேன் என்றார். "தாராளமா எழுதுங்க. ஏற்கெனவே ஒண்ணு இருக்கு," என்றார் அம்மா. கண் மட்டும் தெருக்கோடியிலேயே இருந்தது.

யாரோ ஒருவரின் சைக்கிளின் பின்னாலிருந்து குதித்து ஓடிவந்தாள் பெண். தலையெல்லாம் வியர்வை. புழுதியில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் பழைய பயத்தில் அப்படியே நின்றுவிட்டாள்.

"மணி என்ன ஆச்சு மேடம்?"

"உன் வாட்ச்சைப் பாத்துச் சொல்லும்மா," என்றார் அம்மா. "அதுதான் மணி."