ரிசல்ட் வரும்வரை

விஜயநகர் கருத்தரிப்பு மருத்துவமனையில் என் பக்கத்தில் உட்காருவார் ஒரு கொள்ளேகாலத்து அம்மா. என்னைப் போலவே நாற்பதைத் தாண்டியவர். இருவருக்கும் கருமுட்டை வளரக் குறைந்த அளவு ஊசிதான். முட்டை வளர்கிறதா என்று ஹார்மோன் பார்க்க ரத்தம் கொடுத்துவிட்டு, டிபன் பாக்ஸை மடியில் வைத்தபடி ரிசல்ட் வரும்வரை பட்டினி இருப்பார். சாப்பிடலாம் என்று நர்ஸ் சொன்னாலும் கேட்கமாட்டார்.

“ரத்தம்தான் குடுத்தாச்சே, இனி என்னங்க?” என்றேன்.

“ஏறிருக்குன்னு காதுல கேட்டாத்தானுங்க வாயில வெக்கத் தோணுது.”

ஒருநாள் எனக்கு ஹார்மோன் நன்றாக ஏறியிருந்தது. அவருக்கு இறங்கிவிட்டது, ஊசியை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். பாக்ஸை அப்படியே எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் திறந்தார். மூடியில் இரண்டு இட்லி வைத்து என்னிடம் நீட்டினார்.

“உங்களுக்கு ஏறிருச்சுல்லங்க, சாப்பிடலாம் வாங்க.”

நிதானமாகச் சாப்பிட்டார். என் இட்லி இரண்டும் மூடியிலேயே இருந்தன.