பிணவறைக் காட்சியில் சிரித்த பேருந்து

இன்று காலை சேலத்திலிருந்து தருமபுரிக்குத் தனியார் பேருந்தில் வந்தேன். டிவியில் படம் ஓடியது. இத்தனை வருஷமாக நம்மைச் சிரிக்க வைத்த காமெடி நடிகர், இதில் மகனைப் பறிகொடுத்த அப்பாவாக நடிக்கிறார்.

பிணவறையில் துணியை விலக்குகிறார்கள். மகனின் முகத்தைப் பார்த்து அவர் லேசாகச் சிரிக்கிறார். "இது எம்பையன் இல்லைங்க" என்கிறார்.

பேருந்தே சிரித்தது. அந்த முகத்தைப் பார்த்தாலே சிரித்துப் பழகிவிட்டோம்.

என் பக்கத்தில் இருந்த பெண் மட்டும் சிரிக்கவில்லை.

"எங்க மாமனாரும் இப்படித்தாங்க சிரிச்சாரு. தொப்பூர்ல லாரி மோதி எங்க வூட்டுக்காரரு போனப்ப. மனுசனுக்குப் பைத்தியம் புடிச்சிருச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க."

அந்தப் பெண் கண்ணைத் துடைப்பதைப் பார்த்த கண்டக்டர், "அழுவாதீங்கக்கா, வேற போடறேன்" என்று படத்தை நிறுத்தினார்.

"வேணாங்க, அதே ஓடட்டும்" என்று அவர் சொன்னது கண்டக்டர் காதில் விழவில்லை.

அதே நடிகரின் பழைய காமெடி வந்தது. லாரி மோதித் தூக்கி எறியப்பட்டவர், சட்டையை உதறிக்கொண்டு எழுந்து நிற்கிறார். மறுபடியும் ஒரே சிரிப்பு.

"இதுல எந்திரிச்சிட்டாருங்களே" என்றார் அந்தப் பெண், திரையைப் பார்த்தபடியே.

அந்த நடிகருக்கு சீரியஸ் வேஷம் பொருந்துமா என்று ஒரு வாரமாக இந்தக் குழுவில் சண்டை போடுகிறோம். காமெடி வேஷம் பொருந்துமா என்று யாராவது சொல்லுங்களேன்.